கரை சங்கத்துடையது, மீன் யாருடையது? வேல்ஸின் டவி ஆறு: ஒரு நிகழ்வு ஆய்வு

வேல்ஸின் தென்மேற்கே, கார்மார்தன் ஊர்ப்பக்கம் சால்மன் பிடிக்கப் போகிறவரிடம் இரண்டு தாள்கள் இருக்க வேண்டும். ஒன்று அரசு தரும் தூண்டில் உரிமம். சால்மனுக்கும் கடல் ட்ரவுட்டுக்கும் சேர்த்து எடுப்பது இது. பெரியவர்களுக்கு வருடத்துக்கு 80 பவுண்டுக்கு மேல் ஆகும், சிறுவர்களுக்கு இலவசம். இன்னொன்று ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. முதல் தாள் தூண்டில் போட அனுமதிக்கும், கரையில் கால் வைக்க அனுமதிக்காது. கடலலை ஏறாத ஆற்றுப் பகுதியில் மீன்பிடி உரிமை என்பது கரை நிலத்தோடு ஒட்டிய தனிச்சொத்து. அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். தனியாக வாங்க வசதியில்லாத கடைக்காரர், ஆசிரியர், தொழிலாளி எல்லாரும் சந்தா போட்டுச் சேர்ந்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று ஆற்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். சங்கம் என்பது இவ்வளவுதான். கார்மார்தன், லான்டைலோ, லான்டவரி என டவி ஆறு தொடும் ஊர்களிலெல்லாம் இப்படிச் சங்கங்கள் உண்டு.

நம்மூரில் கண்மாய் மீன்பாசி ஏலம் எடுக்கிறவர் குஞ்சு வாங்கி விடுகிறார், காவல் போடுகிறார், தண்ணீர் வற்றும்போது வலை இழுத்து அள்ளுகிறார். மீன் அவருடையது, அதில் சந்தேகமே இல்லை. டவி ஆற்றுச் சங்கத்தின் நிலைமை வேறு. மீன் பிறப்பது சங்கத்தின் எல்லைக்கு ரொம்ப மேலே, யாருடைய ஆட்டு மேய்ச்சல் நிலத்திலோ ஓடும் ஓடையில். கொழுப்பது கடலில். சங்கத்தின் கரையோரம் வந்து தங்குவது சில வாரங்கள், அதுவும் போகிற வழியில். ஆக, சங்கத்துக்குச் சொந்தம் கரை மட்டுமே. அந்தக் கரையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மீனை எவ்வளவு தூரம் காப்பாற்ற முடியும் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது 2020 ஜனவரி 1. அன்று முதல் பத்து வருடத்துக்கு, வேல்ஸ் ஆறுகளில் தூண்டிலில் சிக்கும் ஒவ்வொரு சால்மனையும் உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. எடை, அளவு, மாதம் எதற்கும் விலக்கில்லை. இங்கிலாந்தோடு எல்லை பகிரும் வை, டீ ஆறுகளுக்கு அதே மாதக் கடைசியில் விதி நடப்புக்கு வந்தது.

ஆறும் அதன் மீனும்

டவி கேம்பிரியன் மலைகளில் பிறந்து கார்மார்தன் விரிகுடாவில் கலக்கிறது. சுமார் 120 கிலோமீட்டர். பிறப்பு முதல் கடல் வரை முழுக்க வேல்ஸுக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் இதுதான் நீளம். மேலே பாறையும் ஊசியிலைக் காடும், நடுவில் பால்பண்ணைப் புல்வெளி, கீழே சேறும் அலையும். நடுப்பகுதியில் ஆறு ஓரிடத்தில் நிலையாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் கூழாங்கல் திட்டுகள் இடம் மாறும். போன வருடம் ஆள் ஆழம் இருந்த மடு இந்த வருடம் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். சங்கத்துப் பழைய ஆட்கள் வருடத் தொடக்கத்தில் தூண்டில் இல்லாமல் சும்மா நடந்து பார்ப்பது இதற்காகத்தான்.

மீனைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். நம் மீன் சந்தைகளில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று விற்பார்கள். அதற்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. இங்கே சொல்வது அட்லாண்டிக் சால்மன். ஆற்றுச் சரளையில் குழி பறித்து முட்டையிட்டு, குஞ்சு இரண்டு வருடம்போல ஆற்றில் வளர்ந்து, பிறகு உடம்பெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு வசந்தத்தில் கடலுக்கு இறங்கி, கிரீன்லாந்து, ஃபாரோ தீவுப் பக்கம்வரை போய்க் கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். முட்டையிட்ட பிறகு பெரும்பாலானவை செத்துப்போகும்.

கடல் ட்ரவுட் இன்னும் விசித்திரம். அது தனி இனமே இல்லை. ஓடையில் கிடக்கும் பழுப்பு ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஒரே குழியில் பொரித்த உடன்பிறப்புகளில் ஒன்று ஓடையிலேயே கை நீளத்துக்கு வளர்ந்து நின்றுவிடும், இன்னொன்று கடலுக்குப் போய் நாலைந்து கிலோவாகத் திரும்பும். அப்படிப் போகிறவற்றில் பெண் மீன்கள்தான் அதிகம். முட்டை நிறைய வேண்டும் என்றால் உடம்பு பெரிதாக வேண்டும், உடம்பு பெரிதாகக் கடலில்தான் சாப்பாடு. சால்மனைப் போல ஒருமுறையோடு முடிந்துவிடாமல் வருடா வருடம் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருபவையும் உண்டு. வேல்ஸ்காரர்கள் இதைச் 'சியூவின்' என்கிறார்கள். டவி ஆற்றின் பெயர் வெளியே தெரிவது சால்மனால் அல்ல, சியூவினால்தான்.

(நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் 1907 முதல் வளர்க்கிற ட்ரவுட் வட அமெரிக்காவின் வானவில் ட்ரவுட். அதுவும் வேறு.)

இந்த ஆற்றைப் பற்றி எழுதிவிட்டு 1933-ஐச் சொல்லாமல் போனால் கார்மார்தன்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். அந்த ஜூலையில் நான்ட்கரேடிக் அருகே சால்மனுக்குத் தூண்டில் போட்ட அலெக் ஆலன் என்பவருக்கு மாட்டியது ஒரு ஸ்டர்ஜன். 9 அடி 2 அங்குலம், 388 பவுண்டு. அதாவது 176 கிலோ. பழைய சட்டப்படி ஸ்டர்ஜன் அரசருக்கு உரிய மீன் என்பதால் அரண்மனைக்குத் தகவல் போனது. அப்படி ஒரு மீன் அந்த ஆற்றில் இனி வருமா என்பது வேறு விஷயம்.

இருட்டில் ஒரு மடு

சியூவின் பகலில் பிடிபடாது என்றே வைத்துக்கொள்ளலாம். கோடையில் தண்ணீர் தெளிந்து இறங்கியிருக்கும்போது அது மடுவின் ஆழத்தில், மரவேர் நிழலில் அசையாமல் கிடக்கும். ஆள் நிழல் தண்ணீரில் பட்டால் போதும், அன்றைக்கு அவ்வளவுதான். அதனால் சியூவின் பிடிப்பது இராத்திரி வேலை.

ஜூலையில் அங்கே இருட்டவே பத்து மணிக்கு மேல் ஆகும். வந்தவர் உடனே தண்ணீரில் இறங்க மாட்டார். கூழாங்கல் திட்டில் உட்கார்ந்து காத்திருப்பார். எதிர்க்கரைப் புல்லின் பச்சை மங்கிச் சாம்பலாகும்வரை தூண்டில் வீசக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அவசரப்பட்டு வெளிச்சத்தில் ஒருவர் இறங்கிவிட்டால் மடுவில் இருக்கும் அத்தனை மீனும் கலைந்துவிடும், அவருக்கு மட்டுமல்ல, பின்னால் வருகிறவருக்கும். சங்கத் தண்ணீரில் சண்டை வருவது பெரும்பாலும் இதற்குத்தான். மீன் எண்ணிக்கைக்கு அல்ல.

வௌவால் பறக்கத் தொடங்கும். தூண்டில் கழியின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போது மடு முடிந்து தண்ணீர் மெலிந்து சரளைமேல் ஓடும் இடத்துக்கு மீன் ஆழத்திலிருந்து நகர்ந்து வரும். சத்தத்தில்தான் தெரியும், தண்ணீரில் யாரோ செங்கல்லைப் போட்டது மாதிரி. இறகும் வெள்ளி இழையும் சுற்றிய ஃபிளை என்ற செயற்கைப் பூச்சியை எதிர்க்கரைப் பக்கம் வீசி, நீரோட்டம் அதைக் குறுக்காக இழுத்து வர விட்டு, கையில் நூலைப் பிடித்தபடி நிற்க வேண்டும். கண்ணுக்கு வேலையில்லை, விரலுக்குத்தான். ஒரு வீச்சு, ஓர் அடி கீழே. மறு வீச்சு, இன்னோர் அடி. ஒரே இடத்தில் வேரூன்றி நிற்பது மரியாதையில்லை.

மாட்டினால் அது கயிறு இழுப்பது போல இராது. சியூவின் தண்ணீருக்கு வெளியே குதிக்கும், இருட்டில் எங்கே குதித்தது என்று தெரியாது. வாய் மென்மை, பாதி மீன் அறுத்துக்கொண்டு போய்விடும். கைக்கு வந்த மீனின் வால் பக்கம் விளக்கடித்துப் பார்ப்பார்கள். அங்கே கடல் பேன் ஒட்டியிருந்தால், அதுவும் நீள வாலோடு இருந்தால், அந்த மீன் உப்புத் தண்ணீரை விட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது. நல்ல தண்ணீரில் பேன் தாங்காது, உதிர்ந்துவிடும். அப்படிப் புதிதாக வந்த மீனின் செதிலும் லேசில் உதிரும். பிடித்தவர் உள்ளங்கையில் ஜிகினாத்தூள் போல ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்த ஒவ்வொரு செதிலும் மீனுக்குக் காயம். காய்ந்த கையால் தொடாதே, வெளியே தூக்காதே, முடிச்சு வலை வேண்டாம் என்று சங்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சும்மா இல்லை.

விடுவதற்கும் ஒரு முறை உண்டு. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனையைக் குறடால் நசுக்கி மழுக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் இழுத்தால் கழன்று வரும். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, வயிற்றுக்கடியில் ஒரு கை, வாலடியில் ஒரு கை. செவுள் சீராகத் திறந்து மூடும்வரை பிடித்திருக்க வேண்டும். போகட்டும் என்று தள்ளிவிடக் கூடாது, அதுவாகத் திமிறிப் போக வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒழுங்காக விட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. தண்ணீர் 20 பாகை தொட்டால் கதை வேறு. வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் மீளாது. அதனால் அந்த வெப்பத்தில் தூண்டிலை மூட்டை கட்டிவிடுங்கள் என்கிறார்கள்.

ஏழு நட்சத்திரம்

சங்கக்காரர்களுக்கு முன்பே இந்த ஆற்றில் இருந்தவர்கள் பரிசல்காரர்கள். பரிசல் என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். ஒகேனக்கல்லில் பார்த்ததை அப்படியே நினைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் சிறிது, வட்டத்துக்குப் பதில் ஒரு பக்கம் தட்டையான முட்டை வடிவம், குறுக்கே ஒரு பலகை, ஒரே ஆள். மூங்கிலுக்குப் பதில் வில்லோ, ஆஷ் மரப் பட்டைகள்; மேலே துணி, துணிமேல் தார். வேலை முடிந்ததும் முதுகில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஆமை எழுந்து நடப்பது போல இருக்கும்.

கார்மார்தனுக்குக் கீழே, கடலலை ஏறி இறங்கும் பகுதியில், இரவில் இரண்டு பரிசல்கள் நடுவே ஒரு வலையைத் தாங்கி நீரோட்டத்தோடு மிதந்து வரும். ஒரு கையில் துடுப்பு, மறு கையில் வலைக்கயிறு. மீன் மோதியது கயிற்றில் தெரிந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கும். வானத்தில் ஏழு நட்சத்திரம் எண்ணும் முன் வலை இறக்கக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. மேலே தூண்டில்காரர் புல்லின் பச்சை மங்கக் காத்திருப்பதும் கீழே பரிசல்காரர் நட்சத்திரம் எண்ணுவதும் ஒரே மீனின் பயத்தை அறிந்துதான்.

19ஆம் நூற்றாண்டில் இதை நம்பி நூற்றுக்கணக்கான ஆட்கள் இருந்த ஆறு. இன்றைக்கு டவியில் பரிசல் வலைக்கு 8 உரிமம், பக்கத்து டைவி ஆற்றில் 12, டாவ் ஆற்றில் 1. அவர்கள் பிடிக்கும் சால்மனுக்கும் சியூவினுக்கும் 2017-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது, நம் மதுரை மல்லிக்குக் கிடைத்தது போல. அதன் பிறகு சில வருடங்களுக்குள் வந்த விதிகளில் வலையில் விழும் சால்மனை விட்டுவிட வேண்டும் என்றானது. சியூவினுக்கான நாட்களும் சுருங்கின. குறியீடு கையில் இருக்கிறது, அந்தக் குறியீட்டோடு விற்கச் சால்மன் இல்லை.

வலைக்காரருக்கும் தூண்டில்காரருக்கும் காலம் காலமாக ஆகாது. மேலே மீன் வரவில்லை என்றால் கீழே வலையில் அள்ளிவிட்டான் என்பார்கள். தூண்டிலில் பிடித்ததை விற்பதுதான் பிரச்சினை என்பார்கள் வலைக்காரர்கள். அந்த விற்பனை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009-இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் குறைக்கப்பட்ட பிறகும் மீன் குறைந்துகொண்டே போனது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆற்றின் கதையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சண்டை போட்டவர்கள் இருவரும் ஒதுங்கிய பிறகும் குறைகிறது என்றால் கை வேறெங்கோ இருக்கிறது.

எங்கே போனது

மலையிலிருந்து தொடங்குவோம். ஆற்றின் தலையில் லின் பிரியான் அணை 1972-இல் கட்டி முடிந்தது. 91 மீட்டர் உயரம், பிரிட்டனிலேயே உயரமானது. ஸ்வான்சி பக்கத்துக்குக் குடிநீர் தருவதற்காகக் கட்டியது. குழாய் போட்டு நேரே கொண்டுபோகாமல், ஆற்றிலேயே தண்ணீரை விட்டு, கீழே நான்ட்கரேடிக் அருகே உறிஞ்சிக்கொள்கிறார்கள். கோடையில் ஆறு காய்ந்து போகாமல் இருப்பதற்கு இது ஓர் உதவி. ஆனால் அணைக்கு மேலே இருந்த முட்டையிடும் ஓடைகளுக்கு வழி அடைபட்டது.

அணையைச் சுற்றிய மலையில் இன்னொரு கோளாறு. தொழிற்சாலைப் புகையால் அமில மழை. மலையில் வரிசை வரிசையாக நட்ட ஊசியிலை மரங்கள் அந்த அமிலத்தைக் காற்றிலிருந்து வடிகட்டி ஓடையில் சேர்த்தன. சுண்ணாம்பு இல்லாத மண் என்பதால் அமிலத்தை முறிக்க எதுவுமில்லை. மண்ணிலிருந்த அலுமினியம் கரைந்து தண்ணீருக்கு வந்து மீனின் செவுளைக் கெடுத்தது. 1981-இல் அங்குள்ள ஓடைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கி, பல பத்தாண்டுகளாக நடந்தது. சில நீர்பிடிப்புகளில் சுண்ணாம்பு கொட்டியும் பார்த்தார்கள். அமிலம் குறைந்தது, ஆனால் பூச்சிகள் எதிர்பார்த்த வேகத்தில் திரும்பவில்லை.

நடு ஆறு பால்பண்ணைப் பூமி. கார்மார்தன்ஷயர் வேல்ஸின் பால் மாவட்டம். மாடுகள் கொட்டகையில் இருக்கும் குளிர்காலத்தில் சாணமும் மூத்திரமும் கலந்த குழம்பு தொட்டிகளில் நிறையும். தொட்டி உடைந்தாலோ, நிறைந்துவிட்டது என்று மழை நாளில் வயலில் அடித்தாலோ அது ஓடைக்கு வரும். வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு வேகமாக அது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சும். ஓர் ஓடையில் ஓர் இரவு போதும், இரண்டு மூன்று வருடக் குஞ்சுகள் மொத்தமாக முடிந்துவிடும். 2021 ஏப்ரலில்தான் பண்ணைக் கழிவுக்கு வேல்ஸ் முழுவதற்கும் பொதுவான விதிகள் நடப்புக்கு வரத் தொடங்கின, அதுவும் படிப்படியாக. சால்மனை விடு என்ற விதி அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னாலேயே, படி எதுவும் இல்லாமல் வந்துவிட்டது. சங்கக் கூட்டங்களில் கோபம் இங்கேதான் வெடித்தது, நியாயமான கோபம்.

அப்புறம் வெப்பம். 2015 டிசம்பர் பிரிட்டனில் பதிவானதிலேயே வெப்பமான டிசம்பர், மழையிலும் உச்சம். சரியாகச் சால்மன் முட்டையிடும் காலம். அடுத்த கோடையில் வேல்ஸ் ஆறுகளில் மின்சாரம் பாய்ச்சிக் குஞ்சுகளைக் கணக்கெடுத்தபோது பல இடங்களில் அந்த வருடக் குஞ்சு ஏறக்குறைய இல்லவே இல்லை. வெள்ளம் முட்டைக்குழிகளைப் புரட்டியிருக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீர் முட்டையிடுவதையே குலைத்திருக்கலாம். ஒரு வருடக் குஞ்சு போனால் நாலைந்து வருடம் கழித்து அதன் ஓட்டை தெரியும்.

கடைசியில் கடல். ஆற்றைவிட்டுப் போகும் சால்மன் குஞ்சுகளில் திரும்பி வருபவை 1970களை விட மிகக் குறைவு. இது டவிக்கு மட்டும் உரியதல்ல, வட அட்லாண்டிக் முழுக்க இதே கதை. 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகக் கீழிறக்கியது. பிரிட்டன் சால்மனைத் தனியாக எடுத்து, அழியும் ஆபத்தில் உள்ளது என்றது.

எண்ணுவது யார்

இயற்கை வளங்களைக் கவனிக்கும் வேல்ஸ் அரசு அமைப்பு, சால்மனைத் திரும்ப விடும் விதியை 2017-இல் முன்மொழிந்தது. எதிர்ப்பு வந்ததால் 2019 தொடக்கத்தில் பொது விசாரணை நடந்தது. ஜூலையில் அமைச்சர் ஒப்புதல் தந்தார்.

இரு தரப்பு வாதமும் கேட்கத் தக்கது. அமைப்பு முட்டைக் கணக்கு போட்டது. ஒவ்வோர் ஆற்றுக்கும், அது தாங்கும் குஞ்சுக்கு இத்தனை முட்டை வேண்டும் என்று ஒரு கீழ் எல்லை உண்டு. ஒரு பெண் சால்மன் தன் எடையில் கிலோவுக்கு ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும். வேல்ஸின் பெரும்பாலான சால்மன் ஆறுகள் அந்த எல்லையைத் தொடவில்லை. தொடாத ஆற்றில் ஒரு மீனைக் கொல்வதும் மிச்சம் இருக்கும் மூலதனத்தில் கை வைப்பதுதான். சங்கங்கள் மறுத்துச் சொன்னது: எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே தாங்களாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மிச்சமிருக்கும் சிலரைப் பிடிக்கக் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தால், வருடத்துக்கு ஒரு மீனாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சந்தா கட்டும் வயதானவர்கள் நின்றுவிடுவார்கள். சந்தா போனால் குத்தகைக்குப் பணமில்லை. கரையில் ஆளில்லை என்றால் திருட்டு வலை போடுபவனுக்கும் சாணக்குழம்பு விடுபவனுக்கும் கொண்டாட்டம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆற்றுக்கு எத்தனை மீன் வந்தது என்று எப்படித் தெரியும்? டீ ஆற்றில் செஸ்டர் தடுப்பணையில் பொறி வைத்து மீனைப் பிடித்து அளந்து குறியிட்டு விடுகிறார்கள். எல்லா ஆற்றுக்கும் அப்படி வசதி கிடையாது. மற்றவற்றில் அடிப்படைத் தகவல் தூண்டில்காரர் வருடக் கடைசியில் அனுப்பும் கணக்குத் தாள்தான். எத்தனை நாள் போனேன், எத்தனை மாட்டியது, எத்தனை விட்டேன். அதிலிருந்து, தூண்டிலில் மாட்டுவது வரும் மீனில் இத்தனை பங்கு என்று கணித்து, மொத்தத்தை ஊகிக்கிறார்கள். தூண்டில்காரர் பாதியாகக் குறைந்தால் பிடிபடுவதும் குறையும். மீன் குறைந்ததா ஆள் குறைந்தாரா என்பதைப் பிரிக்கக் கணக்கில் திருத்தம் போட வேண்டும். போடுகிறார்கள்தான். ஆனாலும் எந்த விதி ஆளை விரட்டுகிறதோ அதே விதி அந்த ஆற்றின் ஒரே எண்ணும் கருவியையும் மழுக்குகிறது. விசாரணையில் சங்கங்கள் சொன்னதில் எனக்குக் கனமாகப் பட்டது இந்தப் புள்ளி. கோபமாகச் சொன்ன மற்ற பலவற்றை விட.

அவர்கள் தோற்றே ஆக வேண்டிய வாதம் ஒன்றும் இருந்தது: குஞ்சு பொரிப்பகம். மீன் குறைகிறதா, பொரித்து விட வேண்டியதுதானே என்பது தலைமுறைகளாகச் சங்கங்களின் பதில். அணை கட்டியதற்கு ஈடாக விட்டதும் உண்டு. 2014-இல் வேல்ஸில் அதை நிறுத்த முடிவெடுத்தார்கள். தொட்டியில் வளர்ந்த குஞ்சு தீனி போடும் கையைப் பார்த்து மேலே வருகிறது, ஆற்றில் மேலே வருவது கொக்குக்கு வாகு. பிழைத்துத் திரும்பியவை காட்டு மீனோடு கலந்தால் அடுத்த தலைமுறைக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் குறைகிறது. கண்மாயில் குஞ்சு விட்டு மீன் அள்ளுவது வேறு, இது வேறு என்று சொன்னேனே, அந்த வேறுபாடு இங்கே வந்து நிற்கிறது. சங்கங்களுக்குக் கசந்த முடிவு இது, இன்னும் சிலர் ஏற்கவில்லை. இதில் அறிவியல், அரசு அமைப்பின் பக்கம் என்றே நினைக்கிறேன்.

சியூவினுக்கு விதி அவ்வளவு கடுமையாக வரவில்லை. பெரிய மீனைக் காப்பதே நோக்கம். 60 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பெரும்பாலும் பலமுறை முட்டையிட்ட பெண். ஒரு கிலோகூட இல்லாத முதல் வருட மீன்கள் பல சேர்ந்தால்தான் அதன் ஒரு வருட முட்டைக்கு ஈடாகும். முன்பெல்லாம் குட்டியை விடு, பெரிதை எடு என்பதுதான் பெருமை. சங்கக் கூடத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து மாட்டியிருப்பது எப்போதும் பெரியதைத்தான். அந்தப் பெருமையைத் திருப்பிப் போட விதியால் மட்டும் முடிகிறதா என்றால், இளைஞர்களிடம் முடிகிறது, அவர்களுக்குப் புகைப்படம் போதும்.

மூன்று நிமிட உதை

விடுவது பழகிவிட்டது. சங்கங்களுக்கு மிச்சம் இருக்கும் வேலை தூண்டில் இல்லாத வேலை.

மாதம் ஒருமுறை ஒருவர் நீளக் காம்பு வலையோடு ஓடையில் இறங்கி, வலையைத் தன் காலுக்குக் கீழ்ப்புறம் வைத்து, நீரடிக் கற்களைக் காலால் உதைத்துக் கிளறுவார். மொத்தம் மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து. கலங்கி மிதந்து வருவதெல்லாம் வலையில் சேரும். அதை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் சேறும் சருகும்தான் தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்திருந்தால் சருகு நகரும். மணல் துணுக்குகளை ஒட்டிக் குழல் கட்டிக்கொண்ட புழு ஒன்று, கல்லோடு கல்லாகத் தட்டையாக ஒட்டிய ஈக்குஞ்சு ஒன்று, பக்கவாட்டில் நீந்தும் நன்னீர்க் கூனி. எட்டு வகைகளாகப் பிரித்து எண்ணி எழுத வேண்டும். இடத்துக்கு ஏற்ப ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் மேலே எங்கோ ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், உடனே அரசு அமைப்புக்குப் போன். பிரிட்டனில் 2007 முதல் தூண்டில்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்கும் முறை இது. மீன் மிதப்பதைப் பார்த்துச் சொல்வது தாமதம், பூச்சி குறைவதைப் பார்த்துச் சொன்னால் குற்றவாளியின் குழாய் இன்னும் ஈரமாக இருக்கும்.

மாடு கரையில் இறங்கி மிதிக்காமல் வேலி, அந்த வேலிக்குள் நிழலுக்கு மரம், பாலத்தடியில் குஞ்சு ஏற முடியாத சிமெண்ட் படியை உடைத்துச் சரிவாக்குவது. இதெல்லாம் சங்கத்தின் சொந்தக் கரையில் நடப்பதைவிட மேலே, உறுப்பினர் யாரும் ஒருநாளும் தூண்டில் போடப் போகாத சாண் அகல ஓடைகளில் நடந்தால்தான் பலன் அதிகம். அங்கே நிலம் அவர்களுடையது இல்லை. பண்ணைக்காரர் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். சிலர் சரி என்பார்கள், சிலர் கதவையே திறக்க மாட்டார்கள்.

பத்து வருட விதி 2029 கடைசியில் முடிகிறது. அதற்குப் பிறகு என்ன என்பதற்கான கணக்கு வருடா வருடம் சேர்ந்துகொண்டிருக்கிறது. அக்டோபரில் பருவம் முடிந்ததும் தூண்டிலைத் துடைத்து வைத்துவிட்டு ஒவ்வோர் உரிமக்காரரும் தன் கணக்குத் தாளை அனுப்ப வேண்டும். பருவம் முழுக்க இரவெல்லாம் நின்று ஒரு மீன்கூட மாட்டாதவரும் அனுப்ப வேண்டும், சட்டப்படி. சால்மன்: 0. சியூவின்: 0. போன நாட்கள்: 23. மூன்றாவது எண்ணை எழுதாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. திருத்தம் போடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த எண்தான்.